எக்ஸ்பி கணினியில் வட்டு இடத்தை அளக்கும் கருவி: 2.4 ஜிபி கணக்கில் வரவில்லை

கேள்வி (கோத்தகிரி)

வணக்கம். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பசுந்தேயிலையின் எடையைப் பதிவு செய்யும் எங்கள் இலை சேகரிப்பு மையத்தின் கணினி இன்னும் விண்டோஸ் எக்ஸ்பியில்தான் ஓடுகிறது. மின்னணுத் தராசு சீரியல் போர்ட் வழியாக இணைந்திருப்பதாலும், எடை மென்பொருள் புதிய விண்டோஸில் திறக்காததாலும் அதை மாற்ற முடியவில்லை. இணைய இணைப்பு கொடுக்கவில்லை.

20 ஜிபி சி டிரைவில் 150 எம்பிதான் மீதமுள்ளது. நேற்று மாலை லாரி வந்து நின்ற நேரத்தில் பதிவு நின்றுவிட, பதினேழு பேருடைய எடையை நோட்டில் எழுதிவைத்து இரவில் ஏற்றினேன். எது இடத்தை அடைக்கிறது என்று பார்க்க வின்டிர்ஸ்டாட்டின் புதிய பதிப்பைப் பென்டிரைவில் கொண்டுவந்தேன். சொடுக்கியதும் 'இது முறையான வின்32 பயன்பாடு அல்ல' என்ற பொருளில் ஆங்கிலச் செய்தி வருகிறது. கோப்பு பழுதா?

பதில் (குன்னூர்)

கோப்பு பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. 64 பிட் கணினிக்கென உருவாக்கிய நிரலையோ, எக்ஸ்பிக்குப் பிந்தைய விண்டோஸே குறைந்தபட்சத் தேவை எனக் குறிக்கப்பட்ட நிரலையோ திறந்தால் எக்ஸ்பி இந்தச் செய்தியைத்தான் காட்டும். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றே முடிந்துவிட்டதால், இன்றைய மென்பொருள்கள் பலவும் அதைக் கணக்கில் கொள்வதில்லை.

வின்டிர்ஸ்டாட்டின் பழைய 1.1.2 பதிப்பு எக்ஸ்பியில் ஓடும். அதை வேறொரு கணினியில், அந்தத் திட்டத்தின் சொந்தப் பக்கத்திலிருந்தே இறக்கி, வைரஸ் சோதனை செய்த பிறகு பென்டிரைவில் கொண்டுசெல்லுங்கள். நிர்வாகி கணக்கில் நுழைந்து ஓட்டுங்கள். அது ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து கூட்டுவதால் பழைய ஹார்டு டிஸ்கில் வெகுநேரம் எடுக்கும்; இலை வரும் நேரத்தில் தொடங்காதீர்கள். இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்கிறேன்: அதே கருவியில் நீக்கும் கட்டளையும் இருக்கிறது, முதல் நாள் அதைத் தொடவே வேண்டாம்.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா, 1.1.2 ஓடியது. கீழே விரிந்த வண்ணப் படத்தில் ஏறத்தாழ கால் பங்கை ஒரே நிறக் கட்டங்கள் பிடித்திருந்தன. பெரிதிலிருந்து சிறிதாகச் சற்றே சற்றே குறைந்துகொண்டு வந்த அந்தக் கட்டங்களைச் சொடுக்கிப் பார்த்தால், எடை மென்பொருள் தினமும் மாலையில் தானாக எடுத்துவைத்த காப்புப் பிரதிகள்! ஆனால் கருவியின் மொத்தக் கூட்டல் 17.4 ஜிபிதான், மை கம்ப்யூட்டரில் 19.8 ஜிபிக்கு மேல் காட்டுகிறது. மீதி எங்கே? விண்டோஸ் ஃபோல்டரில் 'என்டி அன்இன்ஸ்டால்' என்று தொடங்கும் ஃபோல்டர்களை நீக்கலாமா?

பதில் (உதகை)

விடுபட்ட 2.4 ஜிபி உங்கள் டிரைவில் சரியாக 12 சதவீதம். கோளாறு வந்தால் விண்டோஸை முந்தைய நிலைக்குத் திருப்ப உதவும் எக்ஸ்பியின் சிஸ்டம் ரிஸ்டோர் வசதி, 4 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவில் இயல்பாக எடுத்துக்கொள்ளக்கூடிய உச்ச அளவும் அதுவே. அந்த வசதி சேமித்துவைக்கும் முந்தைய நிலைகள், அதாவது மீட்புப் புள்ளிகள், 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' என்ற மறைவான ஃபோல்டரில் இருக்கின்றன. நிர்வாகிக்கும் அதைத் திறக்க அனுமதி இல்லாததால் கருவியால் அதைக் கூட்ட முடிவதில்லை. வின்டிர்ஸ்டாட் மெனுவில் 'ஷோ அன்நோன்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், அந்த வேறுபாடு தனி வரியாகத் தெரியும்.

மை கம்ப்யூட்டரை வலச்சொடுக்கி, பிராப்பர்ட்டீஸில் சிஸ்டம் ரிஸ்டோர் பகுதிக்குச் சென்று, நகர்த்தியை 4 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். பழைய மீட்புப் புள்ளிகள் மட்டும் போய் ஏறத்தாழ 1.6 ஜிபி கிடைக்கும். அந்த வசதியை முழுவதும் நிறுத்த வேண்டாம். பவர் ஆப்ஷன்ஸில் ஹைபர்னேஷனை (ரேமில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டுக் கணினியை அணைக்கும் வசதியை) நிறுத்தினால் ரேம் அளவுக்கு இன்னும் கொஞ்சம் இடம் வரும்.

நீங்கள் கேட்ட ஃபோல்டர்கள், நிறுவிய அப்டேட்டுகளைத் திரும்ப எடுப்பதற்கானவை. நீக்கினால் விண்டோஸ் நிற்காது என்றாலும் இப்போது அதற்குத் தேவை எழவில்லை. காப்புப் பிரதிகளைத்தான் கவனமாகக் கையாள வேண்டும், ஏனென்றால் ஒரு விவசாயி போன வருட இலைக்கணக்கைக் கேட்டால் காட்ட அவைதாம் இருக்கின்றன. இரண்டு தனித்தனிப் பென்டிரைவ்களில் நகலெடுத்து, ஒன்றையாவது வேறு கணினியில் திறந்து எடைகள் தெரிகின்றனவா என்று பார்த்த பிறகே பழையவற்றை நீக்குங்கள்.

கேட்டவர்

நகர்த்தியை மாற்றியதும் 1.7 ஜிபி காலியாகக் காட்டியது. இன்று மாலைப் பதிவு தடையில்லாமல் முடிந்தது. ஒரு பென்டிரைவில் நகல் முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இலை எடுப்பதில்லை என்பதால், இரண்டாவது நகலையும் திறந்து பார்க்கும் வேலையையும் அன்று முடித்துவிட்டு எழுதுகிறேன்.