21 வெள்ளி கின்னஸ்: வரியா, வாடகையா?

ஈசூன்வாசி:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. அயர்லாந்தின் டப்ளினில் ஒரு பைண்ட் கின்னஸ், அதாவது ஸ்டவுட் என்கிற கறுப்பு பியர், ஆறு யூரோவாம், சிங்கப்பூரில் ஆற்றங்கரைக் கிளார்க் கீ பக்கம் அதே பைண்டுக்கு 18 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போட்டு, சேவைக் கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 21 வெள்ளிக்கு மேல் வாங்குகிறார்களாம், அதனால் பப் நடத்துகிறவர்கள் எல்லாரும் கொள்ளைக்காரர்களாம். பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்? இறக்குமதி ஸ்டவுட்டுக்கு இந்த ஊரில் போடுகிற வரியைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். கிளாஸில் பாதி அரசாங்கத்துக்குப் போகிறது. இத்தனை காலம் இங்கே வாழ்கிற எனக்குத் தெரியாதது நேற்று வேலை அனுமதி வாங்கி வந்தவருக்குத் தெரிந்துவிட்டதா?

பார்கவுண்டர்:
பாதியா? ஐயா, கணக்கைப் போட்டுப் பார்த்தீர்களா, இல்லை யாராவது சொன்னதா? பியர், ஸ்டவுட் இரண்டுக்கும் சிங்கப்பூரில் உற்பத்தித் தீர்வை, அதில் உள்ள ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 60 வெள்ளி. பைண்ட் என்பது 568 மில்லி. குழாயில் ஊற்றுகிற டிராட் கின்னஸில் ஆல்கஹால் 4.2 சதவீதம். பெருக்கினால் 1 வெள்ளி 43 காசு. இருபத்தொரு வெள்ளியில் ஒன்றே முக்கால்கூட இல்லை. நான் இந்தத் தொழிலில் கவுண்டருக்குப் பின்னால் நின்றவன். பில் போட்டவன், பீப்பாய் மாற்றியவன், குழாய் கழுவியவன். பாதி என்று சொன்னால் அந்தப் பாதி எந்த வரியில் எழுதியிருக்கிறது என்று காட்டுங்கள்.

ஈசூன்வாசி:
நீங்கள் சொல்வது உற்பத்தித் தீர்வை மட்டும். இறக்குமதி என்றால் சுங்கத் தீர்வை தனி, ஆல்கஹால் லிட்டருக்கு 16 வெள்ளி. அதை வசதியாக மறந்துவிட்டீர்கள். தொழிலில் இருந்தவர் என்கிறீர்கள், இதுகூடத் தெரியவில்லையே.

பார்கவுண்டர்:
மறக்கவில்லை, அது பொருந்தாது என்பதால் சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான வணிக ஒப்பந்தம் 2019 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கிறது. அங்கிருந்து வருகிற பியர், ஸ்டவுட் ஆகியவற்றுக்கு இருந்த சுங்கத் தீர்வையை அதில்தான் எடுத்தார்கள். அயர்லாந்து எந்த ஒன்றியத்தில் இருக்கிறது? சரி, ஒப்பந்தமே இல்லை என்று வைத்துக்கொண்டு அந்த 16 வெள்ளியையும் போடுங்கள். பைண்டுக்கு 38 காசு கூடும். முப்பத்தெட்டு காசு! அதைக் கூட்டியும் 1 வெள்ளி 81. இன்னும் பாதி வரவில்லை.

டப்ளின்வாசி:
நான் டப்ளினில் இருக்கிறேன், அதனால் ஒரு வார்த்தை. இங்கே ஆறு யூரோவுக்குப் பைண்ட் கிடைக்கும் என்பது உண்மைதான், ஆனால் டெம்பிள் பார் பகுதிக்குப் போனால் அதே கின்னஸுக்குப் பத்து யூரோவை ஒட்டிக் கேட்கிறார்கள். சுற்றுலாப் பயணி கொடுப்பான் என்று தெரிந்து போடுகிற விலை அது. ஆற்றைத் தாண்டி நடந்தால் விலை இறங்கிவிடும். ஒரே ஊர், ஒரே ஆலை, ஒரே வரி.

பார்கவுண்டர்:
இதைத்தான் நானும் சொல்கிறேன். தம்பி டப்ளின்வாசி, அங்கே வரி எவ்வளவு என்றும் எழுதுங்களேன், ஐயா பார்க்கட்டும்.

டப்ளின்வாசி:
எக்சைஸ், அதாவது உற்பத்தித் தீர்வை, ஒரு பைண்டுக்குச் சுமார் 54 சென்ட் வருகிறது. அதன் மேல் மதுவுக்கு 23 சதவீத வாட், உங்கள் ஜிஎஸ்டி மாதிரி. ஆறு யூரோ பைண்டில் வாட் மட்டும் 1 யூரோ 12 சென்ட். மொத்தம் 1 யூரோ 66.

பார்கவுண்டர்:
பார்த்தீர்களா? ஆறு யூரோவில் 1.66 என்றால் நூற்றுக்கு 28 போல. இங்கே 18 வெள்ளி பைண்டுக்கு 10 சதவீத சேவைக் கட்டணம் 1.80, அதன் மேல் 9 சதவீத ஜிஎஸ்டி 1.78, மொத்தம் 21.58. தீர்வை 1.43, ஜிஎஸ்டி 1.78, இரண்டும் சேர்ந்து 3.21. நூற்றுக்கு 15. அதாவது வரியின் பங்கு டப்ளினில்தான் கூடுதல், விலை அங்கேதான் குறைவு. வரிதான் காரணம் என்றால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? மீதி 18 வெள்ளி யாரிடம் போகிறது என்று கேளுங்கள். வாடகை, ஆள் கூலி, விநியோகஸ்தர், அப்புறம் முதலாளியின் லாபம்.

ஈசூன்வாசி:
ஆ, வந்துவிட்டது! முதலில் 1 வெள்ளி 43 என்றீர்கள், இப்போது உங்கள் வாயாலேயே 3 வெள்ளி 21. இன்னும் நாலு பதிவு போட்டால் பாதிக்கு வந்துவிடுவீர்கள். பப்புக்கு உரிமக் கட்டணம் இல்லையா, வெளிநாட்டு ஊழியருக்கு முதலாளி கட்டுகிற லெவி இல்லையா? அவையும் அரசாங்கத்துக்குத்தானே போகின்றன? எல்லாம் கடைசியில் கிளாஸில்தான் வந்து விழுகிறது.

பார்கவுண்டர்:
ஜிஎஸ்டி ஸ்டவுட்டுக்கு மட்டுமா? அதே பப்பில் ஆரஞ்சு ஜூஸ் வாங்கினாலும் ஜிஎஸ்டி உண்டு. பேச்சு எதைப் பற்றி? "இறக்குமதி ஸ்டவுட்டுக்குப் போடுகிற வரி" என்று எழுதியது நீங்கள். அது 1 வெள்ளி 43 காசு. லெவியையும் உரிமத்தையும் சேர்ப்பதாக இருந்தால், முதலாளி வருமான வரி கட்டுகிறார் என்று அதையும் பைண்டில் போடுங்கள்.

தேக்காக்காரன்:
நீங்கள் இரண்டு பேரும் ஏன் கிளார்க் கீயை விட்டு இறங்க மாட்டேன் என்கிறீர்கள்? தேக்காவில் (லிட்டில் இந்தியா) ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்தால் கின்னஸின் ஃபாரின் எக்ஸ்ட்ரா ஸ்டவுட் பாட்டில், ஐஸ் போட்ட கிளாஸ், விலை உங்கள் பைண்டில் பாதி. டிராட்டைவிட அதில் சரக்கு பலம். பலம் கூடினால் தீர்வையும் கூடும், அப்படியும் மலிவு. இது ஸ்டவுட் இல்லையா?

டப்ளின்வாசி:
அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள், ஐஸ் போட்டுக் குடிப்பதை இங்கே யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். ஃபாரின் எக்ஸ்ட்ரா என்பது வேறு சரக்கு, அதைக் கின்னஸ் என்று ஒப்பிடவே முடியாது. நைட்ரஜன் கலந்த வாயுவில், முக்கால் கிளாஸ் ஊற்றி, நுரை அடங்கக் காத்திருந்து, பிறகு நிரப்ப வேண்டும். அது டப்ளினில்தான் சரியாக வரும்.

தேக்காக்காரன்:
எது வேறு சரக்கு? 1801-லேயே வெஸ்ட் இண்டீஸுக்கு அனுப்ப என்று தனியாகக் காய்ச்சினார்களே, ஃபாரின் எக்ஸ்ட்ராவின் பாட்டன் அதுதான். நீங்கள் குடிக்கிற நைட்ரஜன் நுரை 1959-ல் வந்த பிள்ளை. மலேசியாவில் சுங்கைவே ஆலை 1965-லிருந்து கின்னஸ் காய்ச்சுகிறது, நைஜீரியாவில் அதற்கும் முன்னால். எங்கள் அப்பா காலத்தில் கப்பல் பட்டறையில் வேலை செய்தவர்கள், தோட்டத்தில் இருந்தவர்கள் எல்லாம் கறுப்பு பியர் என்று அதைத்தான் குடித்தார்கள். டப்ளினுக்குப் படிக்கப் போனவர் வந்து எங்களுக்குக் கின்னஸ் சொல்லித்தர வேண்டாம்.

டப்ளின்வாசி:
படிக்க வரவில்லை, வேலைக்கு வந்தேன். இரண்டும் ஒன்றில்லை.

கறுப்புச்சிங்கம்:
லண்டனில் இருந்து எழுதுறன். கின்னஸ், கின்னஸ் எண்டு எல்லாரும் அடிபடுறீங்கள். எங்கட இலங்கை லயன் ஸ்டவுட்டை ஒருவரும் பேசேல்லை. 8.8 வீதம். முந்தி நுவரெலியாவில், இப்ப பியகமவில் காய்ச்சுகினம். மைக்கல் ஜாக்சன் எண்ட பியர் எழுத்தாளர் வந்து குடிச்சுப் பார்த்துப் புகழ்ந்த சாமான். இஞ்ச தமிழ்க் கடையில போத்தில் எடுத்தால் ஒரு பப் பைண்டைவிட மலிவு. இறக்குமதி எண்டால் விலை கூடத்தான் வேணும் எண்டு ஆர் சொன்னது?

பார்கவுண்டர்:
அண்ணை, நல்ல உதாரணம் தந்தீர்கள். லயனைச் சிங்கப்பூரில் ஒரு பைண்ட் ஊற்றினால் உற்பத்தித் தீர்வை 3 வெள்ளி, கின்னஸைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். ஏனென்றால் இங்கே வரி ஆல்கஹாலுக்கு, பெயருக்கோ ஊருக்கோ அல்ல. இங்கேயே காய்ச்சுகிற பியருக்கும் அதே 60 வெள்ளிதான். "இறக்குமதி ஸ்டவுட் என்பதால் வரி" என்ற பேச்சே அதனால்தான் எடுபடாது.

ஈசூன்வாசி:
2014 பட்ஜெட்டில் தீர்வையை 25 சதவீதம் ஏற்றினார்களா இல்லையா? 48 வெள்ளி 60 ஆனது. அந்த வாரமே நான் போகிற இடத்தில் கிளாஸுக்கு ஒரு வெள்ளி ஏறியது. நான் கொடுத்த காசு, எனக்கு நினைவிருக்கிறது. வரி ஏறினால் விலை ஏறும், இதற்குப் பெருக்கல் வாய்ப்பாடு தேவையில்லை.

பார்கவுண்டர்:
உங்கள் கதையே உங்களுக்கு எதிராக நிற்கிறது, கவனித்தீர்களா? 48-லிருந்து 60 என்றால் பைண்டுக்குக் கூடியது 29 காசு. உங்கள் கடைக்காரர் ஏற்றியது ஒரு வெள்ளி. மீதி 71 காசு எந்த அமைச்சர் போட்டது? வரியைச் சாக்காக வைத்து ஏற்றினார்கள், நீங்களும் தலையாட்டிக் கொடுத்தீர்கள், இத்தனை வருடம் கழித்து அவர்களுக்காக வக்காலத்தும் வாங்குகிறீர்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன், இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். மாலை நேரச் சலுகை என்று பல பப்புகளில் அதே பைண்ட் 12 வெள்ளி. மணி எட்டடித்தால் 18. எட்டு மணிக்குச் சுங்கத்துறை வந்து வரியை மாற்றிவிட்டுப் போகிறதா? அதே பீப்பாய், அதே குழாய், அதே 1 வெள்ளி 43 காசு. ஐம்பது லிட்டர் பீப்பாயில் 88 பைண்ட். குழாய் கழுவுவதிலும் நுரையிலும் கொஞ்சம் போனாலும் 80 தேறும். எட்டு மணிக்குப் பிறகு விற்றால் பீப்பாய்க்குக் கிட்டத்தட்ட ஐநூறு வெள்ளி கூட வருகிறது, அரசாங்கத்துக்கு அதே தீர்வைதான். ஆற்றங்கரையில் உட்கார வைப்பதற்கு வாங்குகிற காசு அது. இடத்துக்கு வாடகை கொடுக்கிறீர்கள், கூடவே ஸ்டவுட் வருகிறது. அது தப்பு என்றுகூட நான் சொல்லவில்லை. அங்கே வாடகை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். வரி என்று பொய் சொல்லாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

ஈசூன்வாசி:
பொய் என்ற வார்த்தையை யோசித்து எழுதுங்கள். போன வருடம் சாப்பாட்டுக் கடை விலை பற்றிய பேச்சிலும் நீங்கள் இப்படித்தான் எல்லாரையும் மட்டம் தட்டினீர்கள். வயதுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

பார்கவுண்டர்:
வயதை மதிக்கிறேன், கணக்கைத் திருத்துகிறேன். இரண்டும் வேறு. போன வருடமும் நீங்கள் எண் தரவில்லை.

அறவாழி:
குடியைப் பற்றி இவ்வளவு நீளப் பேச்சா? இருபது வெள்ளிக்கு ஊரில் ஒரு குடும்பம் இரண்டு நாள் சாப்பிடும். தீர்வையை இன்னும் ஏற்ற வேண்டும் என்பதே என் கருத்து.

தேக்காக்காரன்:
இருபது வெள்ளிக்கு நான் குடிக்கவில்லை, நான் சொன்னது காப்பிக் கடை. உங்கள் அறிவுரையைக் கிளார்க் கீ கோஷ்டிக்குச் சொல்லுங்கள். இரவு பத்தரைக்கு மேல் கடையில் பாட்டில் வாங்கிப் போக முடியாது என்று 2015-ல் சட்டம் வந்ததும் யாருக்கு அடி விழுந்தது? பப்பில் உட்கார வசதி இல்லாத எங்களுக்குத்தான். அதைப் பற்றி ஒருவரும் நூல் பிடித்துப் பேசக் காணோம்.

ஈசூன்வாசி:
விலை பிடிக்காதவர்கள் ஜோகூர் போய்க் குடிக்கலாமே. நான் போகிறேன். அங்கே கணக்குப் பிள்ளைகள் தொல்லை இல்லை.

பார்கவுண்டர்:
மலேசியாவில் தீர்வை குறைவு என்று நினைத்தா போகிறீர்கள்? 2016-லிருந்து ஆல்கஹால் லிட்டருக்கு 175 ரிங்கிட் என்று வைத்திருந்தார்கள், அதற்கு மேலும் ஏற்றிவிட்டார்கள். வெள்ளியில் மாற்றிப் பாருங்கள், ஏறத்தாழ நம் 60-தான். வரி கிட்டத்தட்ட ஒன்று, ஜோகூரில் கிளாஸ் விலை குறைவு. ஏன்? வாடகையும் கூலியும். நீங்களே பாலம் தாண்டிப் போய் என் கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டு வருகிறீர்கள். திரும்பும்போது கையில் பாட்டில் எடுத்துவராதீர்கள், மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்குத் தீர்வையில்லாச் சலுகை கிடையாது.

ஈசூன்வாசி:
அந்தச் சலுகை விதி எனக்கு நீங்கள் பிறப்பதற்கு முன்பே தெரியும்.

டப்ளின்வாசி:
நடுவில் ஒரு கேள்வி. சிங்கப்பூர் பப்பில் பைண்ட் என்று கொடுப்பது 568 மில்லிதானா? அரை லிட்டர் கிளாஸாக இருந்தால் கணக்கெல்லாம் மாறும்.

பார்கவுண்டர்:
அரை லிட்டர் என்றால் தீர்வை 1 வெள்ளி 26 காசு. இன்னும் குறைகிறது. ஐயாவுக்கு இன்னும் கஷ்டம்.

கறுப்புச்சிங்கம்:
லயன் ஸ்டவுட் போத்திலில் அளவு தெளிவாக எழுதியிருக்கும். ஏமாத்து இல்லை.

டப்ளின்வாசி:
அண்ணே, யாரும் லயனைக் கேட்கவில்லை.

கறுப்புச்சிங்கம்:
நீர் கேக்காட்டியும் நான் சொல்லுவன்.

ஈசூன்வாசி:
சரி, பார்கவுண்டர் அவர்களே, சேவைக் கட்டணம் 1 வெள்ளி 80 என்று போட்டீர்களே, அது ஊற்றிக் கொடுக்கிற பையனுக்குப் போகிறதா? கவுண்டருக்குப் பின்னால் நின்றவர் என்றால் சொல்லுங்கள்.

பார்கவுண்டர்:
பெரும்பாலும் முதலாளியிடம் போகிறது, கொடுப்பதும் கொடுக்காததும் அவர் விருப்பம். நான் இருந்த ஓர் இடத்தில் எங்களுக்கு ஒரு காசு வரவில்லை. ஆக, வரி என்று நீங்கள் புலம்புகிற 1.43-ஐவிடச் சேவைக் கட்டணம் பெரியது. அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதினீர்களா?

ஈசூன்வாசி:
எழுதுவேன், தனியாக எழுதுவேன். இறக்குமதி ஸ்டவுட் விலைக்கு வரிதான் காரணம் என்பதில் மாற்றமில்லை.

பார்கவுண்டர்:
எட்டு மணிக் கேள்விக்குப் பதில் இன்னும் வரவில்லை.