புதுப்பிப்பு: ‘தி ஆஃபீஸ்’ மூன்றாம் சீசன் முடிவு

ஓர் அலுவலகத்தைச் சுற்றி நடக்கும் அமெரிக்க நகைச்சுவைத் தொடரான ‘தி ஆஃபீஸ்’-இல் 2006 மே மாதம் வந்த இரண்டாம் சீசன் முடிவைவிட, 2007 மே மாதம் வந்த மூன்றாம் சீசன் முடிவுதான் உசத்தி என்று எழுதியிருந்தேன். பதில்களில் பாதிப் பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். சரி, பேசுவோம்.

“ஜிம், பாம் முத்தத்தோடு இரண்டாம் சீசன் முடிந்ததுக்கு மேலே என்ன வேண்டும்?” என்று பலர் கேட்டிருந்தார்கள். எனக்கு மூன்றாம் சீசனின் அந்தத் தயிர் டப்பா மூடி போதும். நியூயார்க்கில் ஒரு பெரிய வேலைக்கான நேர்காணலுக்கு நடுவே ஜிம் தன் காகிதங்களைப் புரட்டுகிறான். உள்ளே கூட வேலை பார்க்கும் பாம் எழுதிய சின்னக் குறிப்பு, கூடவே முன்பு ஆபீஸில் விளையாட்டாக நடத்திய ‘ஒலிம்பிக்ஸ்’ பதக்கம், அதாவது அந்தத் தயிர் மூடி. ஒரு வசனம் இல்லை, அவன் முகம் மட்டும். அப்புறம் அவள் கேமராவிடம் பேசிக்கொண்டிருக்கும்போது கதவைத் திறந்து, இரவுச் சாப்பாட்டுக்கு வருகிறாயா என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறான். கண் கலங்கத் திரும்பும் பாம், கேள்வி என்ன என்பதையே மறந்துவிடுகிறாள். இதை மிஞ்ச முத்தத்தால் முடியாது.

ஜிம்மின் அப்போதைய காதலி கேரனுக்கு அநியாயம் என்றவர்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். அவளை நியூயார்க்கிலேயே விட்டுவிட்டு வந்தது அசிங்கம்தான்.

ஜிம் நேர்காணலுக்குப் போன அந்த வேலை கடைசியில் அதே ஆபீஸின் ரையனுக்கு எப்படிக் கிடைத்தது என்றால், எம்.பி.ஏ. அவ்வளவுதான். (ஆபீஸில் வேலை பார்த்தவர்கள் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்பதைக் கவனித்தேன்.)

நான்காம் சீசனுக்குத் தனி இழை போடுகிறேன். அதுவரை இங்கே ஸ்பாய்லர் வேண்டாம்.