புதுச்சேரியில் 3 அடி ரீஃப் டேங்க்: கடல் தண்ணியே எடுக்கலாமா, உப்பு வாங்கிக் கலக்கணுமா?

முத்தியால்பேட்டை_மாடி:
வணக்கம். நன்னீர் மீன் வளர்ப்பு பழக்கம்தான், உப்புத்தண்ணி இதுதான் முதல் தடவை. டேங்க் 3 அடி நீளம், ஒன்றரை அகலம், ஒன்றரை உயரம், 10 எம்எம் கண்ணாடி. கீழே 2 அடி சம்ப் (தண்ணி வடிகட்டுற கீழ்த்தொட்டி). வைக்கப்போற இடம் முதல் மாடி, ஏசி கிடையாது. ஒரு ஜோடி க்ளௌன் மீன், கொஞ்சம் பவளம், அவ்வளவுதான் ஆசை.

கடற்கரை நடந்துபோற தூரம். அந்தத் தண்ணியையே எடுத்தா என்ன? இல்லேன்னா மரக்காணம் கல்லுப்பை ஆர்ஓ தண்ணியில கரைச்சா ஆகாதா? ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ‘லைவ் ராக்’ (பாக்டீரியா ஒட்டியிருக்குற கடல் பாறை) கிலோ கணக்குல தர்றேன்னு ஒருத்தர் சொல்றார், வாங்கலாமா? மணல் பீச்சிலேயே அள்ளிக்கலாம்னு இருக்கேன். தண்ணியைக் குளிர்விக்கிற சில்லர் கட்டாயமா? மீன் எப்போ விடலாம்?

உப்பங்கழி:
கல்லுப்பு ஆகாது. பாத்தியில கடல் தண்ணி வத்தும்போது சுண்ணாம்பும் ஜிப்சமும் முதல்ல படிஞ்சிடும், அதுக்கப்புறம்தான் உப்பு பூக்கும். மக்னீசியமும் பொட்டாசியமும் கடைசியா மிஞ்சுற கசப்புத் தண்ணியோட போயிடும். நம்ம கைக்கு வர்றது சோடியம் குளோரைடு மட்டும்தான். பவளத்துக்கு லிட்டருக்கு கால்சியம் 420 மில்லிகிராம், மக்னீசியம் 1300 பக்கம் வேணும். மரக்காணம் உப்பு சாம்பாருக்கு நல்லது.

கடல் தண்ணி எடுக்கலாம், ஆனா காலமும் இடமும் பார்த்து. மார்ச்சிலிருந்து ஜூன் வரைக்கும் உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35-ஐ ஒட்டி நிக்கும். ஐப்பசி, கார்த்திகையில தொடவே தொடாதீங்க. மழை மட்டும் காரணமில்ல. அந்த மாசங்கள்ல கரையோர நீரோட்டம் வடக்கேயிருந்து தெற்கே ஓடும், கிருஷ்ணா, கோதாவரி கொண்டுவந்து கொட்டின நல்ல தண்ணியும் அதோட சேர்ந்து இறங்கும். முகத்துவாரம் எதுவும் எந்த மாசத்துலயும் வேண்டாம்: அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு, தாழங்குடாவுல பெண்ணையாறு, தேவனாம்பட்டினம் பக்கம் கெடிலம். கடலூர் பழைய துறைமுகத்து உப்பனாறு பத்திச் சொல்லவே வேணாம், சிப்காட் அந்தக் கரையிலதான் இருக்கு.

அலை உடையுற இடத்துல மொண்டா மண்ணும் சாக்கடையும்தான் வரும். ஃபைபர் போட்ல போறவங்ககிட்ட கேன் கொடுத்துவிட்டு, கரை நல்லா விலகி, தண்ணி நீலமா இருக்குற இடத்துல எடுத்துவரச் சொல்லுங்க. கேன் புதுசா இருக்கணும், டீசல் வாசனை இருந்தா அப்படியே கொட்டிடுங்க. உங்க டேங்க் வெளி அளவுல 190 லிட்டர். பாறை, மணல் போக சம்பையும் சேர்த்தா மொத்தம் 200 லிட்டர்னு வெச்சுக்கலாம், அதாவது 20 லிட்டர் கேன் பத்து. அப்புறம் வாரம் ஒரு கேன் மாத்தணும், அதுவே பத்து சதவீதம்.

கொண்டுவந்த தண்ணியை 5 மைக்ரான் பையில வடிகட்டுங்க. 100 லிட்டருக்கு 4 சதவீத ப்ளீச் 25 மில்லி ஊத்துங்க, வாசனை, சோப்பு எதுவும் கலக்காத ப்ளீச். அது 10 பிபிஎம் குளோரின், அதாவது லிட்டருக்கு 10 மில்லிகிராம். ஒரு நாள் காத்து விட்டு ஓடட்டும். மறுநாள் சோடியம் தயோசல்ஃபேட் அதிகபட்சம் 7 கிராம். பாதிக்கு மேல குளோரின் தானே போயிருக்கும், அதனால டெஸ்ட் பண்ணிக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா போடுங்க. இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள்லயும் இதே முறைதான்.

பவளப்புற்று:
மேலே சொன்னது சரி. ஆனாலும் முதல் டேங்குக்குக் கடையில் பெட்டியில் வரும் ரீஃப் உப்பையே பரிந்துரைப்பேன். கடலில் எடுத்த ஒவ்வொரு கேனும் ஒரு புதுத் தண்ணீர். தவறு நடந்தால் தண்ணீரா, மீனா, பாறையா என்று பிரித்தறிய முடியாது. பெரும்பாலான ரீஃப் உப்புகளுக்கு லிட்டருக்கு 36 முதல் 40 கிராம், உங்களுக்கு ஏழரைக் கிலோ ஆகும். தண்ணீரில் உப்பைப் போடுங்கள். உப்பின்மேல் தண்ணீரை ஊற்றினால் கால்சியம் கார்பனேட்டாகத் திரிந்து பால்போல் வெளுத்துவிடும். ஒரு நாள் பம்ப் போட்டுக் கலக்குங்கள்.

சமையலறை ஆர்ஓவில் டிடிஎஸ் கன்ட்ரோலர் என்றொரு சிறு வால்வு இருக்கும். அது சுவைக்காக வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடுகிறது. அதை முழுக்க மூடி, வெளிவரும் குழாயில் மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் குடுவை ஒன்று மாட்டி, டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) மீட்டரில் 0 வருகிறதா என்று பாருங்கள். இங்குள்ள போர் தண்ணீரை நேரடியாக ஊற்றினால் வருடம் முழுக்கப் பாசிதான்.

இப்போது அந்த ‘லைவ் ராக்’. வாங்காதீர்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும். அது மன்னார் வளைகுடாவில் உடைத்தெடுத்த பவளம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், 2001 முதல், கல் பவளங்கள் எல்லாம் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கரும்பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறி, கடற்குதிரையும் அப்படியே. புலி இருக்கும் அதே அட்டவணை. செத்த எலும்புக்கூடு என்பதால் விலக்கு கிடையாது. சட்டத்தை விடுங்கள், அங்கே 21 தீவுகளில் இரண்டு, பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும், பவளத்தை வெட்டி எடுத்து எடுத்தே கடலுக்குள் மூழ்கிப்போயின.

மாற்று இருக்கிறது. வெள்ளை சிமென்ட் ஒரு பங்கு, நொறுக்கிய கிளிஞ்சல் மூன்று பங்கு, ஓட்டை விழுவதற்காகக் கல்லுப்பு ஒரு பங்கு (மரக்காணம் உப்புக்கு இங்கே வேலை வந்துவிட்டது). தண்ணீர் குறைவாகச் சேர்த்து, ஈர மணலில் குழி பறித்து வார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் கழித்து எடுத்து ஊறப்போட்டு, வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். முதல் வாரம் பிஹெச் 11-க்கு மேல் இருக்கும், கையில் பட்டாலே எரியும். புதுத் தண்ணீரில் இரண்டு நாள் கிடந்தும் பிஹெச் 8.4-ஐத் தாண்டாமல் இருந்தால்தான் டேங்குக்குள் போகலாம்; ஆறு வாரமாவது பிடிக்கும். அவசரக்காரர்கள் தோற்பது இங்கேதான்.

சிமென்ட் வேண்டாம் என்றால் ஆரோவில் பக்கத்துச் சூளைகளில் கேட்டுப் பாருங்கள். மெருகு பூசாத, நன்றாகச் சுட்ட துண்டுகள் போதும். மெருகு பூசியது ஆகவே ஆகாது, பச்சை, நீல மெருகுகளில் செம்பு இருக்கலாம். செம்பு கசிந்தால் நத்தையும் இறாலும் பவளமும் போய்விடும்.

பீச் மணலும் வேண்டாம். கடற்கரையில் மணல் அள்ளுவது விதிமீறல். தவிர அது சுண்ணாம்பு மணல் இல்லை, சிலிக்கா. அதிலுள்ள கருமணல் கண்ணாடி துடைக்கும் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு கண்ணாடியைக் கோடுகோடாகக் கீறிவிடும். அரகோனைட் என்ற சுண்ணாம்பு மணல் 15 கிலோ வாங்கினால் ஓர் அங்குல உயரம் நிற்கும்.

கரன்ட்_போச்சு:
நான் சூட்டையும் கரன்டையும் பத்தி மட்டும் சொல்றேன்.

டேங்க் 25-லிருந்து 27 டிகிரிக்குள்ள இருக்கணும். 30-ஐத் தாண்டி சில நாள் நின்னா பவளம் தன் சதைக்குள்ள இருக்குற பாசியைத் துப்பிட்டு வெளுத்துடும். ஃபேன் வெச்சா குளிருமான்னு எல்லாரும் கேக்குறாங்க. குளிரும், ரெண்டு மூணு டிகிரி. தண்ணி ஆவியாகுறதாலதான் அந்தக் குளிர்ச்சி. ஆனா நம்ம ஊர்ல மே மாசம் கடல்காத்து ஏறினதும் காத்துல ஈரம் நிரம்பிடும், ஆவியாகுறது குறைஞ்சிடும். கோயம்புத்தூர்க்காரர் ஃபேன் போதும்னு சொன்னா அது அவர் ஊர் காத்து. ஏசி இல்லாத முதல் மாடிக்கு கால் ஹெச்பி சில்லர் கணக்குல வெச்சுக்கங்க. சில்லர் அதே ரூமுக்குள்ள இருந்தா சூட்டை அங்கேயே கக்கும், குழாயை நீட்டி பால்கனி நிழல்ல வைங்க.

ஆவியாகுறது தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளேயேதான் இருக்கும். அதனால தினமும் குறையுற அளவுக்கு ஆர்ஓ நல்ல தண்ணிதான் ஊத்தணும், உப்புத்தண்ணி இல்ல. ஃபேன் ஓடினா நாளுக்கு 3 லிட்டர் சாதாரணமா போகும்.

கரன்ட் போனா, சம்ப்லேர்ந்து தண்ணியை மேலே ஏத்துற ரிட்டர்ன் பம்ப் நின்னு, குழாய் வழியா மேல் தண்ணி சம்புக்கு இறங்கும். உங்க டேங்க்ல ஒரு சென்டிமீட்டர் இறங்கினா 4 லிட்டருக்கு மேல. ரிட்டர்ன் வாய் 3 சென்டிமீட்டர் ஆழத்துல இருந்தா 12, 13 லிட்டர் வரும். சம்ப்ல 15 லிட்டர் காலியிடம் எப்பவும் இருக்கணும். ரிட்டர்ன் குழாயில நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன ஓட்டை போடுங்க, மட்டம் அதுவரைக்கும் இறங்கினதும் காத்து புகுந்து சைஃபன் அறுந்துடும். தண்ணி திரும்பாம தடுக்குற செக் வால்வை நம்பாதீங்க, ஒரு நத்தை மாட்டினா வீட்டுத் தரை உப்பங்கழிதான். தண்ணி நிரப்பின அன்னிக்கே பிளக்கைப் பிடுங்கி சோதிச்சுப் பாருங்க.

கரன்ட் இல்லாதப்போ முதல்ல தீர்றது ஆக்சிஜன். டேங்குக்குள்ள தண்ணியை அலைய வைக்கிற 12 வோல்ட் டிசி வேவ்மேக்கர் ஒண்ணு பேட்டரியில ஓடினாலே மீன் தப்பிச்சிடும், சில்லருக்கெல்லாம் பேட்டரி தாங்காது. 2011 டிசம்பர் 30-ல தானே புயல் கரை கடந்தப்போ கடலூர்ப் பக்கம் பல ஊர்ல வாரக்கணக்குல கரன்ட் இல்ல. அக்டோபர் பிறக்குறதுக்குள்ள பேட்டரியில ஓடுற ஏர் பம்ப் ரெண்டு வாங்கி வெச்சுடுங்க.

எடை இன்னொண்ணு. தண்ணி, கண்ணாடி, பாறை, மணல், சம்ப், ஸ்டாண்ட் சேர்ந்து 350 கிலோ போல வரும். மாடியில தளத்து நடுவுல வைக்காம, கீழே பீம் ஓடுற சுவரை ஒட்டி வைங்க.

முத்தியால்பேட்டை_மாடி:
ரொம்ப நன்றிங்க. லைவ் ராக் வேண்டாம்னு சொல்லிட்டேன். அப்போ பாக்டீரியா எங்கேயிருந்து வரும்? கல் பவளமும் இல்லைன்னா உள்ள எதை வைக்கிறது? க்ளௌன் மீனுக்கு அது குடியிருக்குற கடல் சாமந்தி (அனிமோன்) இல்லாம முடியுமா?

பவளப்புற்று:
பாட்டிலில் வரும் பாக்டீரியா போதும், அதற்குத் தீனிதான் வேண்டும். அம்மோனியம் குளோரைடு, அதாவது நவச்சாரம். ஆனால் நாட்டு மருந்துக் கடைச் சரக்கு வேண்டாம், ஆய்வக தரத்தில் வாங்குங்கள். 200 லிட்டருக்கு 1.25 கிராம் போட்டால் அம்மோனியா 2 பிபிஎம். முதலில் நைட்ரைட் ஏறும், பிறகு அதுவும் இறங்கி நைட்ரேட் ஏறும். போட்ட 2 பிபிஎம் அம்மோனியா 24 மணி நேரத்தில் 0 ஆகி, நைட்ரைட்டும் 0 ஆனால் டேங்க் தயார். நான்கு முதல் ஆறு வாரம். உயிருள்ள மலிவு டாம்சல் மீனைப் போட்டு சைக்கிள் செய்யச் (இப்படி பாக்டீரியாவை வளர்க்க) சொல்வார்கள். அந்த மீன் பிழைத்துவிட்டால் பிறகு வரும் எல்லா மீனையும் துரத்தும்.

அதையடுத்து மணலிலும் பாறையிலும் பழுப்பாக ஒரு படலம் வரும். அது டயட்டம் என்ற நுண்பாசி, சிலிக்கா தீர்ந்தால் போய்விடும். மருந்து தேடாதீர்கள். அந்த நேரத்தில் ஐந்தாறு நத்தைகள் விடலாம். பிறகு க்ளௌன் ஜோடி, தொட்டியில் பிறந்ததாகக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்திலும், உங்கள் பக்கத்திலேயே பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்திலும் இந்த மீனைப் பொரிக்க வைத்திருக்கிறார்கள், அரிய சரக்கல்ல. எந்த மீனானாலும் தனித் தொட்டியில் நான்கு வாரம் வைத்துப் பாருங்கள். வெள்ளைப்புள்ளி நோய் பெரிய டேங்குக்குள் புகுந்துவிட்டால் மீன்களை எல்லாம் வெளியேற்றி 76 நாள் வெறுமனே ஓட்ட வேண்டியிருக்கும். பவளம் இருக்கும் தண்ணீரில் செம்பு மருந்து போட முடியாது.

பவளத்தில் மென்பவளம் உங்களுக்குப் போதும்: ஜோவாந்தஸ், மஷ்ரூம், டோட்ஸ்டூல் லெதர். எங்கிருந்து வந்தது என்று பில்லோடு கேளுங்கள். விளக்கை முதலில் 30 சதவீதத்தில் வைத்து மூன்று நான்கு வாரத்தில் ஏற்றுங்கள், நாளுக்கு 8, 9 மணி நேரம். ஜோவாந்தஸ் ஒட்டிய கல்லைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், வெந்நீரில் போடவே கூடாது. சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு, ஆவியை முகர்ந்தாலே ஆஸ்பத்திரிதான்.

நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1. இரண்டையும் 0 ஆக்க முயலாதீர்கள், டைனோ (டைனோஃப்ளாஜெல்லேட்) பாசி பிடித்துக்கொள்ளும். காரத்தன்மை 8 டிகேஹெச் (அதை அளக்கும் டிகிரி). இறங்கினால் 200 லிட்டருக்கு 6 கிராம் சமையல் சோடா, அதில் ஒரு டிகிரி ஏறும். ஒரு நாளில் அதற்குமேல் ஏற்ற வேண்டாம்.

உப்பங்கழி:
சாமந்தி பத்தி: தொட்டியில பிறந்த க்ளௌனுக்கு அது தேவையே இல்ல, லெதர் பவளத்துக்குள்ள போய்ப் படுத்துக்கும். சாமந்திக்கு ஒரு வருஷமாவது ஓடின டேங்க் வேணும். இடம் பிடிக்கலைன்னா நடந்து திரியும், வேவ்மேக்கர்ல போய் மாட்டி அரைபடும், ராத்திரிக்குள்ள மொத்தத் தண்ணியும் கெட்டுடும். பின்னாடி எப்பவாவது வாங்கினா, அன்னிக்கே வேவ்மேக்கர் வாய்க்கு ஸ்பான்ஜ் உறை மாட்டிட்டு, வாரம் ரெண்டு தடவை கழட்டிக் கழுவுங்க.