இரண்டு முறை விழுந்தால் சுற்றே போக வேண்டுமா? சாண்டா மேடை விதி பற்றிய விவாதம்

மேடையோரம்:
குத்தும் உதையும் வீழ்த்தலும் கொண்ட சீன மோதல் விளையாட்டான சாண்டாவில் ஒரே சுற்றில் இருமுறை மேடையை விட்டு விழுபவர் அந்தச் சுற்றையே இழக்கிறார். இவ்விதியைச் சிறார் பிரிவிலாவது நீக்க வேண்டும். சென்ற மாதம் நான் போட்டிக்கு அழைத்துச் சென்ற பதினைந்து வயது மாணவி, உதைகளால் தெளிவாக முன்னிலையில் இருந்தும், விளிம்பில் இருமுறை தள்ளப்பட்டுச் சுற்றை இழந்தாள். இரண்டாம் முறை விழுந்தபோது இரண்டு மெத்தைகளுக்கு நடுவே கை சிக்கி மணிக்கட்டு மடங்கியது. வீக்கத்தால் கையுறையைக் கத்தரித்துத்தான் எடுத்தோம்.

பக்கநடுவர்:
அந்தப் பெண் விரைவில் குணமடையட்டும். ஆனால் காயத்துக்குக் காரணம் விதியா, மெத்தையா? மேடையின் உயரம் 80 செ.மீ.; அதைச் சுற்றி 30 செ.மீ. தடிமனும் 2 மீட்டர் அகலமும் உள்ள மெத்தையை இடைவெளியின்றி விரித்திருந்தால் கை நுழைந்திருக்காது. இந்த மேடைக்குக் கயிறு கிடையாது. 8 மீட்டர் சதுரத்தில் தான் எங்கே நிற்கிறோம் என்பதைக் காலால் அறிவதும் இக்கலையின் பாடமே. பக்க நடுவராக அமர்ந்திருக்கையில், வீரரின் முதுகு மறைத்ததால் மார்பில் பட்ட உதையை நான் தவறவிட்டதுண்டு. மேடையை விட்டு விழுவது மட்டும் எவர் கண்ணுக்கும் தப்பாது.

மேடையோரம்:
கண்ணுக்குத் தப்பாது என்பது சரி. ஆனால் இருவரும் சேர்ந்து விழுந்தால் யாருக்கும் புள்ளியில்லை என்பதால், விழப்போகிறவர் எதிராளியையும் பற்றி இழுக்கிறார். ஒருவர் மேல் ஒருவராக விழும் அந்த வீழ்ச்சியைத்தான் நான் அஞ்சுகிறேன். மார்பில் உதைத்தால் 2 புள்ளி, எதிராளி மேடையை விட்டு விழுந்தாலும் 2 புள்ளி. பிள்ளைகளுக்கு அத்தோடு நிறுத்தினால் போதாதா?

சிவப்புமூலை:
விழுந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஒரு போட்டியில் நான் இரண்டாம் முறை விழுந்தபோது, என்னைத் தள்ளியவரே விளிம்பில் மண்டியிட்டுக் கை நீட்டினார். முடிவு அறிவித்த பின் என் பயிற்சியாளர் முன் வந்து, வலக்கை முஷ்டியை இடது உள்ளங்கையில் பொருத்தி வணங்கி, "அண்ணனுக்கு இடுப்பில் ஐஸ் வையுங்கள்" என்றார். நாங்கள் இருவரும் பெரியவர்கள் என்பதால், அந்தத் தோல்வியில் எனக்குக் குறையேதும் இல்லை. ஆனால் 1928-இல் சீனாவின் நாஞ்சிங்கில் நடந்த தேசியக் குவோஷு (சீனத் தற்காப்புக் கலை) தேர்வில் பலர் படுகாயமடைந்து இறுதிக்கட்ட மோதல்களே நிறுத்தப்பட்டன. இன்று தலைக்கவசமும் மார்புக்கவசமும் அணிகிறோம் என்றால், மரபு என்று சொல்லி எவரும் விதியை அப்படியே விட்டுவிடவில்லை என்பதுதானே பொருள்?

பக்கநடுவர்:
பெரியவர்களுக்கு இவ்விதி நீடிக்க வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. சிறார் பிரிவில், வேண்டுமென்றே எதிராளியை இழுத்துக்கொண்டு விழுபவருக்கு எச்சரிக்கை தர வேண்டும் என்பதை ஏற்கிறேன். சுற்றை இழக்கும் விதியை அங்கே தளர்த்துவது பற்றியும் சக நடுவர்களிடம் பேசுகிறேன்.

மேடையோரம்:
நன்றி, ஐயா. அடுத்த போட்டியன்று காலையிலேயே வந்து, மெத்தைகளின் ஒவ்வொரு இணைப்பையும் உங்களோடு சேர்ந்து மிதித்துப் பார்க்கிறேன்.