ஷேல் காஸ்: தமிழில் என்ன சொல்? (திங்களுக்குள் வேண்டும்)

சு.ம., கோவை:

நண்பர்களுக்கு வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆற்றல் நூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ஏழாம் அத்தியாயம் முழுக்க ஷேல் காஸ், அதாவது ஷேல் என்னும் பாறைக்குள் அடைபட்டிருக்கும் எரிவாயு. டெக்சாஸின் பார்னெட் படுகையில் ஜார்ஜ் மிட்செலின் நிறுவனம் பல ஆண்டு முட்டிமோதி 1990களின் கடைசியில் அதை எடுக்க வழி கண்டது, அந்த வழி பென்சில்வேனியாவின் மார்செல்லஸ் படுகை வரை பரவியது, பக்கத்து நியூயார்க் மாநிலம் 2014இல் வேண்டவே வேண்டாம் என்றது, எல்லாம் தமிழில் வந்துவிட்டது. தலைப்புச் சொல் மட்டும் வரவில்லை. இப்போதைக்குப் 'பாறை எரிவாயு' என்று போட்டிருக்கிறேன். ஆனால் மணற்பாறையிலிருந்து எடுத்தாலும் அது பாறை எரிவாயுதானே? பாறையை நீரால் பிளந்து அந்த வாயுவை எடுக்கும் ஃபிராக்கிங்குக்கும் ஒரு சொல் தேவை. திங்கள் காலை பதிப்பகத்துக்குப் போயாக வேண்டும்.

க.வே., தஞ்சாவூர்:

அம்மா, முதலில் வாயுவைக் கழற்றிவிடுங்கள். ஐம்பூதத்தைச் சொல்லும்போது தொல்காப்பியர் 'வளி' என்றார். எரிவளி என்பதே சொல். அடுத்து ஷேல். சில், சில்லு, சில்லி, சிலை என்று நம்மிடம் ஒரு குடும்பமே இருக்கிறது. உடைந்தது, சிதறியது, கல். இந்தச் 'சில்'தான் கப்பலேறிப் போய் 'ஷேல்' ஆகித் திரும்பியிருக்கிறது. ஆகவே 'சில்லுக்கல் எரிவளி'.

ரா., ஹூஸ்டன்:

ஐயா, கப்பலேறியது இருக்கட்டும். சிலையே வடமொழி 'சிலா' என்று இன்னொரு கூட்டம் வாசலில் நிற்கிறது. ஆங்கிலத்தில் ஷேல் என்பது ஓடு, செதில் என்னும் சொற்களோடு பிறந்தது என்பதுதான் அகராதி வழக்கு.

நான் பிழைப்புக்காகப் பாறை மாதிரிகளைப் பார்ப்பவன். பெட்டியில் நீள உருளையாக வரும். பார்னெட் மாதிரி என்றால் கன்னங்கரேல் என்றிருக்கும். காய்ந்த ஓரத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பினால் தகடு தகடாகப் பெயரும். கடலடியில் படிந்த நுண்சேறு இறுகியது அது. வாயு உள்ளேயே உண்டானது, வெளியேற வழியில்லை, அவ்வளவு இறுக்கம். அதனால்தான் கிடைமட்டமாகத் துளைத்து, நீரைப் பேரழுத்தத்தில் செலுத்திப் பிளக்கிறார்கள்.

'களிப்பாறை' என்று சிலர் எழுதுகிறார்கள். ஆனால் தகடாகப் பெயராத சேற்றுப்பாறையும் களிப்பாறைதான். பெயர்வது சொல்லில் தெரிய வேண்டும். என் வாக்கு 'செதில்பாறை'க்கு.

க.வே., தஞ்சாவூர்:

செதில்பாறை அல்ல, செதிற்பாறை. செதில்களை உடைய பாறை என்று விரியும், வேற்றுமைத் தொகை. லகரம் றகரமாகியே தீரும்.

ரா., ஹூஸ்டன்:

செதிலாகிய பாறை என்று விரித்தால் அல்வழி. அங்கே இரண்டும் வரலாம் என்று நன்னூலே விட்டுக்கொடுக்கிறது.

க.வே., தஞ்சாவூர்:

பாறைக்குச் செதில் உண்டா, பாறையே செதிலா? பாறை பார்ப்பவர் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

(இதற்குப் பிறகு புணர்ச்சி பற்றி மட்டும் பதினோரு மடல்கள். 'கடல்கரை' என்று எழுதும் நாளிதழ்களைத் திட்டி நான்கு. சேர்க்கவில்லை. – தொகுத்தவர்)

த., மன்னார்குடி அருகே:

எல்லாருக்கும் வணக்கம். நான் பாதி நாள் வாத்தியார், பாதி நாள் வயல். செதில் என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு மீன்தான் நினைவு வரும். சித்திரையில் ஏரி வற்றினால் அடியில் சேறு காய்ந்து, வெடித்து, ஓரம் சுருண்டு ஓடு ஓடாக நிற்குமே, அதைப் பொருக்கு என்போம். காலை வைத்தால் நொறுங்கும். நீங்கள் சொல்லும் பாறையும் ஒரு காலத்துச் சேறுதானே? 'பொருக்குப்பாறை' என்றால் என் வகுப்பில் விளக்கமே வேண்டாம்.

இன்னொன்று. இங்கே சொல் பிழைத்தால் வெறும் எழுத்துப் பிழை இல்லை. மன்னார்குடியில் பேச்சாக இருந்தது நிலக்கரிப் படுகை மீத்தேன். 2017இல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன். ஷேல் வேறு. 2013இல் மத்திய அரசு ஷேலுக்குத் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. டீக்கடையில் மூன்றுக்கும் ஒரே பெயர், 'மீத்தேன்'. ஆனால் தமிழ்நாட்டின் 2020ஆம் ஆண்டு வேளாண் மண்டலச் சட்டம் நிலக்கரிப் படுகை மீத்தேனையும் ஷேல் வாயுவையும் தனித்தனியாகப் பெயர் சொல்லித் தடுக்கிறது. நாளைக்கு ஊராட்சிக்கு ஒரு காகிதம் வந்தால் எது எது என்று படித்தவனுக்குத் தெரிய வேண்டும்.

ரா., ஹூஸ்டன்:

பொருக்கு அருமை! ஆனால் பொருக்கு நொறுங்கும், ஷேல் பெயரும். தயங்குகிறேன்.

ந., யாழ்ப்பாணம்:

ஃபிராக்கிங் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. 'நீர்வெடிப்பு' என்று சொல்லலாமே? சுவரில் வருவதும் வெடிப்புத்தான்.

சு.ம., கோவை:

இங்கே பிள்ளைகள் வெடிகுண்டு என்று நினைப்பார்கள், இல்லாவிட்டால் பித்தவெடிப்பு. 'நீர்விரிசல்'?

க.வே., தஞ்சாவூர்:

விரிசல் தானாக விடுவது. இங்கே மனிதன் செய்கிறான். செய்தவனை மறைக்கும் சொல் எதற்கு? 'நீரழுத்தப் பிளப்பு'.

ரா., ஹூஸ்டன்:

இதில் ஐயாவோடு முழு உடன்பாடு, தேதி குறித்துக்கொள்ளுங்கள். கூடவே இரண்டு. பிளந்த இடைவெளி மூடாதிருக்க நீரோடு மணலை அனுப்புகிறார்கள். அதை 'முட்டுமணல்' எனலாம். அழுத்தம் தளர்ந்ததும் உப்பும் வேதிப்பொருளுமாக மேலே திரும்பி வரும் நீர்?

த., மன்னார்குடி அருகே:

'எதுக்களித்த நீர்'.

ந., யாழ்ப்பாணம்:

சிரிச்சு முடியேல்லை. ஆனால் பொருந்துது.

ரா., ஹூஸ்டன்:

பொருந்துகிறது. அம்மா, அத்தியாயத்தில் ஒன்றைச் சரிபாருங்கள். 2016இல் ஓக்லஹோமாவின் பானியில் 5.8 அளவில் நிலம் நடுங்கியதைப் பிளப்பின் மேல் போட்டிருந்தால் திருத்துங்கள். கழிவுநீரை ஆழ்கிணறுகளில் மீண்டும் உள்ளே செலுத்தியதைத்தான் அங்கே காரணமாகச் சொல்கிறார்கள். நிலம் கக்கியதைத் திரும்ப விழுங்க வைத்த கதை.

சு.ம., கோவை:

ஞாயிறு இரவு பதினொன்றரை. எண்ணிப் பார்த்தேன்: செதிலுக்கு ஐந்து, பொருக்குக்கு மூன்று, சில்லுக்கு ஐயா ஒருவர். தலைப்பில் 'ஷேல் எரிவாயு', முதல் பத்தியில் 'செதிற்பாறை' (றகரம்தான், ஐயா), விளக்கப் படத்தின் கீழே ஏரிப் பொருக்கு. முட்டுமணலும் எதுக்களித்த நீரும் யாரும் எதிர்க்காததால் அப்படியே. அத்தியாயத்தை அனுப்பிவிட்டேன். எல்லாருக்கும் நன்றி, தூங்கப் போகிறேன்.

க.வே., தஞ்சாவூர்:

என் மறுப்பு பதிவாகட்டும். எரிவளி. மேலும், 'அத்தியாயம்' அல்ல அம்மா, 'இயல்'.