பெரியப்பாவின்ர அல்பத்தில இருந்த கொக்பிட்

பெரியப்பாவின்ர அந்தியேட்டி முடிஞ்ச கையோட அவற்ற அலுமாரியைத் துப்புரவாக்கேக்க அதில கிடந்த அல்பத்தில ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வந்திச்சு. ஒரு விமானத்தின்ர கொக்பிட், விமானிமார் இருக்கிற இடம் மட்டும்தான், கதவடியில நிண்டு எடுத்தது. பின்பக்கம் பென்சிலால "பலாலி" எண்டு மட்டும் எழுதிக் கிடந்தது.

தம்பி பாத்தவுடன அவ்ரோ எண்டிட்டான். அவ்ரோ 748 விமானமும் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு ஓடினதுதானே. நானும் முதல் டயல்களைத்தான் எண்ணினன். அது பிழை. டயல்கள் காலத்துக்குக் காலம் மாறும், லீவர்கள் லேசில மாறாது.

ரெண்டு கதிரைக்கும் நடுவில சோடி சோடியா ஆறு லீவர்: திறொட்டில் (எஞ்சின் வலு), புறொப்பெல்லர், மிக்ஸ்சர். பெற்றோலும் காத்தும் கலக்கிற அளவை விமானி கையால மாத்திறது பிஸ்டன் எஞ்சினுக்குத்தான். அவ்ரோவில இருந்தது டார்ட் எண்ட டர்பைன் எஞ்சின், அதுக்கு மிக்ஸ்சர் லீவரே தேவையில்லை. பிறகு முன்கண்ணாடி. ரெண்டே ரெண்டு தட்டைக் கண்ணாடி, நடுவில கூர்மாதிரிச் சந்திக்குது. பிஸ்டன் எஞ்சின் ரெண்டு பூட்டின டகோட்டா விமானமேதான். 1947 டிசம்பர் 10 அந்தக்கால இலங்கை விமானசேவை எயார் சிலோன் தன்ர முதல் ஓட்டத்தை இரத்மலானையில இருந்து காங்கேசன்துறை வழியா மதராசுக்கு விட்டதும் ஒரு டகோட்டாவிலதான், 'சீதா தேவி' எண்டு பேர். படத்தில இருக்கிறது அதுதானோ எண்டு அறிய எனக்குச் சரியான ஆசை. ஆனா கொக்பிட்டை வைச்சு அது சொல்லேலாது.

இதைக் குடும்ப வாட்ஸ்அப்பில போட, ஜேர்மனியில இருக்கிற மச்சான் தான் ஏறின ஒண்டின்ர படத்தை அனுப்பி "இது என்ன, சொல்லும் பாப்பம்" எண்டார். பக்கத்துப் பக்கத்தில ரெண்டு கதிரை, திறொட்டில், எஞ்சின் சுத்து காட்டிற டயல். சின்னச் செஸ்னா எண்டு சொல்ல வாயெடுத்தனான். அப்பதான் நீலப் பிடி கண்ணில பட்டிச்சு. எஞ்சின் இல்லாமப் பறக்கிற கிளைடர்களில நீலம் எண்டா இறகில இருக்கிற வேகத்தடுப்பு, பச்சை எண்டா ட்ரிம் (மூக்கு ஏறாம இறங்காமச் சமப்படுத்திறது). திறொட்டிலும் அந்த வேகத்தடுப்புப் பிடியும் சேந்து இருந்தா அது பெரும்பாலும் மோட்டார் கிளைடர், எஞ்சின் பூட்டின கிளைடர். ஷைப எஸ்எஃப்-25 ஃபால்க எண்டு மச்சான் பிறகு சொன்னார்.

நேற்று பெரியப்பாவின்ர படத்தைத் திரும்பப் பெருப்பிச்சுப் பாத்தன். வலப்பக்கக் கதிரை முதுகில ஏதோ தொங்குது. திரைச்சீலையாக்கும் எண்டு விட்டிருந்தன். டகோட்டா முன்கண்ணாடி மழைக்கு ஒழுகும், விமானிமார் மடியில ரெயின்கோட் விரிச்சுப்போட்டு ஓட்டுவினம் எண்டு பெரியப்பா சொல்லுறவர். தொங்கினதில பொத்தான் வரிசை தெரியுது.