கிட்னி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

காவிரிக்கரை:
தம்பிக்கு 24 வயது. வலது அடிவயிற்றில் வலி, ஓயாத வாந்தி. அப்பெண்டிக்ஸ் என்று முடிவாகி ராத்திரியே ஆபரேஷன் என்றார்கள், கையெழுத்தும் போட்டுவிட்டேன். அதற்குள் ஸ்கேன் டாக்டரம்மா வந்து, முழு வயிற்றையும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்றார். வலது விலாவுக்குக் கீழே கருவியை வைத்தவர் அங்கேயே நின்றுவிட்டார். தம்பியை ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். மறுபடி ஜெல், மறுபடி அதே இடம். அப்புறம் என் பக்கம் திரும்பி, "இவர் யாருக்காவது கிட்னி கொடுத்திருக்காரா?" என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை. கடைசியில் அது இடுப்புக்குழியில், மூத்திரப்பைக்குப் பக்கத்தில் இருந்தது. மூத்திரக் குழாயில் கல் அடைத்து வீங்கியிருந்தது. அப்பெண்டிக்ஸில் ஒரு கோளாறும் இல்லை. எட்டு மாதம் ஆகிறது, அந்தக் கேள்வி இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

தியேட்டர் சிஸ்டர்:
உங்களுக்கு ஸ்கேனிலேயே தெரிந்தது. நாங்கள் வயிற்றைத் திறந்த பிறகுதான் பார்த்தோம். பல வருஷம் முன்பு, சினைப்பைக் கட்டி என்று வந்த ஓர் அம்மா. கட்டி பின்பக்கம் ஒட்டி, அசையாமல் இருந்தது. உள்ளே கை விட்ட டாக்டர் அப்படியே நிறுத்தினார். "சிஸ்டர், இதுக்குள்ள ரத்தக்குழாய் போகுது, துடிக்குது." இடுப்புத் தமனியிலிருந்து நேராக அதற்குள் ஒரு குழாய். அவர் கத்தியை ட்ரேயில் வைத்த சத்தம் இன்னும் நினைவிருக்கிறது. விலாப்பக்கம் தடவிப் பார்த்தார், இரண்டு பக்கமும் காலி. அந்த அம்மாவுக்கு இருந்ததே அந்த ஒரு கிட்னிதான். மூடித் தைத்து அனுப்பினோம்.

அரசமரம்:
இரண்டு பேரும் ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள். எனக்கு லாடக் கிட்னி, இரண்டும் கீழ்நுனியில் ஒட்டியிருக்கும். 52 வயதில் மாஸ்டர் செக்கப்பில் தெரிந்தது, அதுவரை ஒரு தொல்லையும் இல்லை. 400, 500 பேரில் ஒருவருக்கு இப்படி இருக்கும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கருவில் கிட்னி உருவாவதே இடுப்புக்குள்தான். 6 வாரத்திலிருந்து 9 வாரத்துக்குள் மேலே ஏறும். ஏறும்போது வழியிலுள்ள தமனியிலிருந்து புதுக் குழாய் கிளைக்கும், பழையது சுருங்கும். பாதியில் நின்றால் பழைய குழாய்களே தங்கிவிடும். ஒருவருக்கு இரண்டு, இன்னொருவருக்கு நாலு. லாடக் கிட்னி பெருங்குடலுக்குப் போகும் தமனியில் மாட்டி நின்றுவிடும். அதனால் அந்தப் பக்கம் பெரிய ஆபரேஷன் என்றால், முதலில் சி.டி. ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) எடுப்பது பற்றி டாக்டரிடம் கேளுங்கள். டிஎம்எஸ்ஏ ஸ்கேன் எடுத்தால் எந்தப் பக்கம் எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரியும். கல் வந்தால் வெளியிலிருந்தே அதிர்வு கொடுத்து உடைத்துவிடலாம், கவலை வேண்டாம். பர்ஸில் ஒரு சீட்டு எழுதி வையுங்கள், மயங்கிக் கிடந்தாலும் டாக்டருக்குத் தெரியும்.

முல்லைக்கொடி:
அரசமரம் சார், கல் விஷயத்தில் நீங்கள் சொல்வது எல்லாருக்கும் பொருந்தாது. என் வீட்டுக்காரருக்கு இடுப்புக் கிட்னி. அதிர்வு வைத்தியம் இரண்டு தடவை செய்தார்கள், அதுவும் குப்புறப் படுக்கவைத்து. பின்னாலிருந்து கொடுத்தால் இடுப்பெலும்பு மறைக்கிறதே. அவர் முகத்தைத் தலையணையில் அழுத்திக்கொண்டு என் கையைப் பிடிக்கத் தேடினார். உடைந்த தூளும் இறங்கவில்லை, மூத்திரக் குழாய் அப்படி வளைந்து கிடந்தது. துளை போட்டு எடுக்கலாமா என்றால் பின்னால் எலும்பு, முன்னால் குடல். மூன்றாவது தடவை மூத்திர வழியாகவே வளையும் கருவியை விட்டு லேசரில் எடுத்தார்கள். முதலிலேயே அதைச் செய்திருக்கலாம் என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் இருக்கிறது. தயவுசெய்து "கவலை வேண்டாம்" என்று எழுதாதீர்கள்.

காவிரிக்கரை:
தம்பிக்கும் அதே லேசர்தான் அக்கா. மூத்திரக் குழாயில் வைத்திருந்த ஸ்டென்ட்டை எடுத்தாயிற்று, வேலைக்குப் போகிறான். அரசமரம் சார், சீட்டு எழுதி அவன் பர்ஸில் வைத்துவிட்டேன். இப்போது அவனுக்குப் பெண் பார்க்கிறார்கள். பெண் வீட்டில் இதைச் சொல்ல வேண்டாம் என்கிறாள் அம்மா. சொல்லாமல் முடியாது என்கிறான் அவன். உங்களில் யாராவது சொல்லியிருக்கிறீர்களா?